மீன் செத்து மிதந்தால் முதலில் மணியைப் பாருங்கள்

கடலூர் உப்பனாற்றிலோ புதுச்சேரிச் சுண்ணாம்பாற்றிலோ மீன் வயிறு காட்டி மிதந்தால் கரையில் விழும் முதல் வார்த்தை, "மருந்தைக் கலந்துட்டானுங்க." பல நேரம் சரிதான். தப்பாகிற நேரம்தான் ஆபத்து. நஞ்சு என்று புகார் எழுதுகிறார்கள், நஞ்சுக்கான சோதனை நடக்கிறது, "நஞ்சு எதுவும் கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை வருகிறது, விஷயம் அதோடு முடிந்துபோகிறது. ஆற்றில் கழிவு வந்தது உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது நஞ்சாக வராமல் சாக்கடையாகவோ சர்க்கரைப்பாகுக் கழிவாகவோ வந்து, தண்ணீரில் இருந்த ஆக்சிஜனைத் தின்றுவிட்டுப் போயிருக்கும். பூச்சிமருந்தைத் தேடும் கருவியில் அது அகப்படாது.

எதைச் சோதிக்கச் சொல்வது என்பதைச் செத்த மீனும், செத்த நேரமும், சாகாமல் தப்பிய உயிர்களும் ஏறக்குறைய சொல்லிவிடும். அதைப் படிக்கக் கிடைக்கும் அவகாசம் ஒரு ஓதம், அதாவது கடல்நீர் ஒருமுறை ஏறவோ வற்றவோ எடுக்கும் சுமார் 6 மணி நேரம்.

முதலில் நேரம். மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தது விடியற்காலை 3 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் என்றால் ஆக்சிஜன் பற்றாக்குறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜன் விடும். இரவில் அதே பாசியும், மீனும், அடிச்சேற்றுப் பாக்டீரியாவும் சேர்ந்து அதை இழுத்துக்கொள்ளும். இருப்பு அடிமட்டத்துக்கு வருவது விடிவதற்குச் சற்று முன்புதான். இரண்டு நாள் தொடர்ந்து மேகம் மூட்டமாக இருந்தால் பகல் வரவு குறைந்து, மூன்றாம் நாள் விடியலில் கணக்கு காலியாகிவிடும். மாறாக, நல்ல வெயிலில் பிற்பகல் 2 மணிக்கு மீன் துள்ளிச் செத்தால் வெளியிலிருந்து ஏதோ வந்திருக்கிறது.

அடுத்து, எது செத்தது. ஆக்சிஜன் குறைந்தால் பெரிய மீன் முதலில் சாகும். பொடிமீன் தண்ணீரின் மேல்தோலில் வாயை ஒட்டவைத்துக் காற்று படும் மெல்லிய படலத்தை உறிஞ்சிச் சமாளித்துவிடும். பூச்சிமருந்து என்றால் பெரும்பாலும் தலைகீழ்: பொடிமீனும் குஞ்சும் முந்தும். பெரிய மடவையும் கொடுவாவும் மிதக்க, கையளவுக் குஞ்சுகள் உயிரோடு ஓரத்தில் ஒதுங்கியிருந்தால் அந்தக் காட்சியைப் படம் எடுத்துவையுங்கள். நூறு வரிப் புகாரைவிட அது அதிகம் சொல்லும்.

பாகூர் ஏரி, ஊசுட்டேரி போன்ற நன்னீரில் இன்னொரு அடையாளம் உண்டு. விரால், தேளி, பனையேறிக் கெண்டை மூன்றும் வெளிக்காற்றைக் குடிக்கிற மீன்கள். கெண்டையும் ஜிலேபியும் செத்து இவை நீந்திக்கொண்டிருந்தால் ஆக்சிஜன். இவையும் சேர்ந்து செத்தால் நஞ்சு. கழிமுகத்தில் விராலின் வேலையை நண்டு செய்யும். மூச்சு முட்டினால் நண்டு கரையேறும். விடிகாலையில் கல்லிலும் கண்டல் வேரிலும் கொத்தாக ஒட்டியிருக்கும். நண்டும் இறாலும் முதலில் செத்து, மீன் பிறகு தள்ளாடினால் பூச்சிக்கொல்லி என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம். பூச்சியும் இறாலும் ஒரே கணுக்காலிக் குடும்பம். பூச்சியைக் கொல்லச் செய்த மருந்து இறாலை விடாது. சைபர்மெத்ரின் வகை மருந்து லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே மீன் தாங்காது, இறாலுக்கு அதைவிடக் குறைவே போதும். கரும்பு வயலிலோ கத்தரித் தோட்டத்திலோ தெளித்துவிட்டு டேங்கை வாய்க்காலில் கழுவுகிற பழக்கம் எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதை இதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம்தான், ஆனால் செத்த மீனின் செவுளைப் பார்த்துப் பயன் இல்லை. இறந்து சில மணி நேரத்தில் எந்தச் செவுளும் வெளுத்துவிடும். துடிக்கிற மீனைப் பிடியுங்கள். செவுள் காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் நைட்ரைட். வழக்கத்தை மீறிய செக்கச்செவேல் என்றால் சயனைடு சந்தேகம். சளி அப்பி நூல் நூலாக வந்தால் அமிலம், காரம், அல்லது உலோகம் எரிச்சலூட்டியிருக்கிறது. முதுகெலும்பு வளைந்து, நெஞ்சுத் துடுப்பு முன்பக்கம் விறைத்து நின்றால் நரம்பைத் தாக்கும் பூச்சிமருந்து. வயிற்றைக் கீறினால் காற்றுப்பை கிழிந்து ரத்தம் கட்டியிருக்கிறதா? யாரோ வெடி போட்டிருக்கிறார்கள். சிறு வாய்க்காலில் வெளிறிய செவுளோடு பிளீச்சிங் பவுடர் வாடை வந்தால் ஆலையைத் தேட வேண்டியதில்லை, ஊருக்குள்ளேயே மீன் பிடிக்கப் போட்டிருப்பார்கள்.

கடற்கரையில் ஒரே இன மீன் மட்டும் ஒதுங்கி, தலையைச் சுற்றி வலைத்தடம் தெரிந்தால் அது வலைக்காரர்கள் கொட்டிவிட்ட கழிவு மீன். அதற்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தை அழைத்தால் அடுத்த முறை நிஜமாகவே அழைக்கும்போது வர மாட்டார்கள்.

மிதப்பது எப்போது செத்தது என்பதும் முக்கியம். பல மீன் செத்ததும் முதலில் அடியில் போகும். உள்ளே காற்று ஊறிய பிறகுதான் மேலே வரும். கண் தெளிவாக, உடல் விறைப்பாக இருந்தால் இன்றைய சாவு. கண் பால் பூத்து, வயிறு உப்பி, விரல் வைத்தால் குழி விழுந்தால் நேற்றையது. நேற்றைய மீனை இன்றைய தண்ணீரோடு சேர்த்துச் சோதித்தால் இரண்டும் ஒன்றையொன்று பொய் ஆக்கும்.

இனி ஆக்சிஜன் கணக்கு. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் அதிகபட்சம் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். கடல்நீர் அளவு உப்பேறினால் சுமார் 6.2தான். கோடையில் கழிமுகம் ஏன் சீக்கிரம் கெடுகிறது என்பதற்கு இந்த இரண்டு எண் போதும்: கைமுதலே குறைவு. மீன் வளர்ப்புக்கு உகந்த நீர்நிலை என்று மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வகைப்படுத்தியதில் குறைந்தபட்சம் 4 மில்லிகிராம் இருக்க வேண்டும். 3க்குக் கீழே மீன் திணறும், 2க்குக் கீழே சாவு தொடங்கும், 1க்குக் கீழே காற்றுக் குடிப்பவை தவிர மற்றவை நிற்காது.

செலவுப் பக்கம் வேறு அளவில் நடக்கிறது. வீட்டுச் சாக்கடையின் பி.ஓ.டி., அதாவது அது மக்கும்போது தின்னும் ஆக்சிஜன், லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம். அதாவது ஒரு லிட்டர் சாக்கடை முழுதாக மக்க சுமார் 40 லிட்டர் நல்ல தண்ணீரின் மொத்த ஆக்சிஜனும் வேண்டும். சாராய ஆலையின் சுத்திகரிக்காத கழிவுக்குப் பி.ஓ.டி. 45,000கூடப் போகும். ஒரு லிட்டருக்கு 6,000 லிட்டர் தண்ணீர் பலி. ஒரு டேங்கர் லாரி 10,000 லிட்டர் என்று வையுங்கள். 6 கோடி லிட்டர் தண்ணீரின் மூச்சு போகும். அவ்வளவும் ஒரே இரவில் போகாது, நாள்கணக்கில் மெல்ல மெல்ல நடக்கும். அதனால்தான் டேங்கர் திங்கள் இரவு வந்தால் மீன் புதன் விடியலில் மிதக்கிறது, லாரியையும் மீனையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

முதல் மழையும் இதையே செய்யும். கோடை முழுக்கச் சாக்கடையில் தேங்கிய கறுப்புச் சேறு, சாலை எண்ணெய், குப்பைச் சாறு எல்லாம் ஒரே மணி நேரத்தில் ஆற்றில் இறங்கும். முகத்துவாரம் மணலடைத்துக் கிடந்தால் அது வெளியேறவும் வழி இல்லை. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. ஆற்று வாய்க்குக் குறுக்கே திட்டுப் போடுவது அந்த மணல்தான். வாடைக்காலத்து வெள்ளம் மட்டுமே அதை உடைக்கிற அளவு முரட்டுத்தனம் கொண்டது.

அந்த வெள்ளமே கொல்வதும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. அப்படி நன்னீர் ஒரேயடியாக வந்தால் கழிமுகத்தின் உப்பு சட்டென்று விழுந்துவிடும். நீந்தத் தெரிந்தவை கடலுக்குப் போய்விடும். மட்டியும் சிப்பியும் இடம் பெயர முடியாமல் வாய் திறந்து சாகும். மட்டி மட்டும் கூட்டமாகச் செத்து, மீன் இல்லை என்றால் உப்புமானியை முதலில் விட்டுப் பாருங்கள்.

அழுகின முட்டை வாடை வந்தால் ஹைட்ரஜன் சல்பைடு. அடிச்சேற்றில் ஆக்சிஜன் முழுதும் தீர்ந்த பிறகு பிறப்பது அது. காற்று திடீரென மாறியோ, தூர்வாரும் எந்திரம் கிளறியோ அடித்தண்ணீர் மேலே வந்தால் உளுவை, கெளுத்தி மாதிரி அடியில் வாழ்பவை முதலில் போகும். வெள்ளிக் கொலுசு கறுத்தால் சந்தேகமே வேண்டாம். மூக்கை மட்டும் நம்பாதீர்கள்; கொஞ்ச நேரத்தில் அந்த வாடை பழகி, இல்லாததுபோல ஆகிவிடும்.

அமோனியாதான் அதிகம் ஏமாற்றும். மொத்த அமோனியா ஒரே அளவில் இருந்தாலும் அதில் மீனைக் கொல்லும் பங்கைத் தீர்மானிப்பது பி.எச். என்கிற அமில-கார அளவும் வெப்பமும். 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் நச்சுப் பங்கு 100க்கு 1கூட இல்லை. பி.எச். 8 ஆனால் 7 முதல் 8. பி.எச். 9 ஆனால் 45. பாசி பிடித்த தண்ணீரில் பிற்பகலில் பி.எச். 9ஐத் தொடுவது சாதாரணம். அதனால் அமோனியா அளவை மட்டும் தரும் அறிக்கைக்கு மதிப்பில்லை. மாதிரி எடுத்த இடத்திலேயே, எடுத்த நிமிடத்திலேயே பி.எச்.சும் வெப்பமும் குறிக்க வேண்டும். இதே காரணத்துக்காகத்தான் மீன் சாகும்போது சுண்ணாம்பு கொட்டக்கூடாது. நல்லது செய்கிறோம் என்று நினைத்து மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். பி.எச். ஏறும், சும்மா கிடந்த அமோனியம் நஞ்சாக மாறும், மிச்சமிருந்த மீனும் போகும்.

குளமோ ஏரியோ என்றால் உயிரோடு இருப்பவற்றைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு: ஆயில் என்ஜினை வைத்து மேல்தண்ணீரை உறிஞ்சி உயரமாகப் பீய்ச்சி அதே குளத்தில் விழவைப்பது. உறிஞ்சும் குழாயை அடியில் விடாதீர்கள், சேறு கிளம்பினால் நிலைமை இன்னும் மோசமாகும். போர்வெல் தண்ணீரை நேரே விடுவதும் வீண். பூமிக்கடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இருக்காது. பலகையிலோ கல்லிலோ மோதிச் சிதறி விழ வேண்டும். ஆகாயத்தாமரை மூடிய ஏரியில் களைக்கொல்லி அடித்து ஒரே நாளில் முழுவதையும் சாகடிப்பதும் இந்த ரகம்தான். அத்தனை பச்சையும் தண்ணீரிலேயே அழுகும். செடி போன இரண்டாம் வாரம் மீன் போகும். அள்ளிக் கரையில் போடுங்கள், அதுவும் பகுதி பகுதியாக.

மாதிரி எடுப்பதற்கு வருவோம். உப்பனாறு ஓதத்துக்குத் திரும்புகிற ஆறு. ஒரு நாளில் இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை வற்றம். ஓத உயரம் ஒரு மீட்டருக்குள்தான், ஆனாலும் நிலம் தட்டை என்பதால் தண்ணீர் வெகுதூரம் உள்ளே போய்வரும். மேலே ஏறும் ஓதத்தில் கழிவும் மேலே ஏறும். செத்த மீன் கிடக்கிற இடத்துக்கு மேல்புறம்தான் குழாய் இருக்கும் என்பது மலையாற்றுக் கணக்கு. இங்கே கீழ்ப்புறமும் இருக்கலாம். ஓட்ட வேகத்தை அளக்க ஒரு இளநீர்க்கூடு போதும். கரையில் 10 மீட்டர் அளந்து, கூட்டை விட்டு, விநாடி எண்ணுங்கள். 50 விநாடி ஆனால் வேகம் விநாடிக்கு 20 சென்டிமீட்டர். அப்படியே 6 மணி நேரம் போனால் 4 கிலோமீட்டருக்கு மேல். காலையில் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் விழுந்தது மதியம் கடலூர் பழைய நகர் பக்கம் நிற்கலாம், மாலையில் திரும்பி வரலாம். எனவே சாவு நடந்த இடம், அதற்கு மேலே, அதற்குக் கீழே, சாவே இல்லாத ஒரு இடம் என்று நான்கு இடத்திலும் எடுக்க வேண்டும். நான்காவதை எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஒப்பிட அது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் வெறும் எண்.

பூச்சிமருந்துக்கு ஒரு லிட்டர் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், மூடிக்கடியில் அலுமினியத் தாள். குடிதண்ணீர்ப் பாட்டில் கூடாது. மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக்கிலிருந்தும் வேண்டாதது தண்ணீரில் இறங்கும். உலோகத்துக்குப் பிளாஸ்டிக்தான் சரி, நைட்ரிக் அமிலம் விட்டுப் பி.எச். 2க்குக் கீழே இறக்க வேண்டும். அமோனியாவுக்குக் கந்தக அமிலம், அதே 2. சயனைடுக்கு நேர் எதிர்: காஸ்டிக் சோடா போட்டு 12க்கு மேலே ஏற்ற வேண்டும், அமிலம் பட்டால் வாயுவாகக் கிளம்பிவிடும், எடுப்பவருக்கும் ஆபத்து. எல்லாமே ஐஸ் பெட்டியில். மீன் பிடிக்கப் போகிற ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, பாட்டிலுக்குத்தான் பஞ்சம்.

மீனையும் எடுங்கள். துடிக்கிற நிலையில் ஐந்தாறு, அலுமினியத் தாளில் சுற்றி ஐஸில். செவுள், ஈரல் திசுவைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு மீனின் துண்டுகளை 10 சதவீத ஃபார்மலினில் போடலாம், ஆனால் அந்தத் துண்டில் ரசாயனச் சோதனை செய்ய முடியாது. திசுச் சோதனைக்குப் போவதை உறையவைக்கக் கூடாது; உறைந்தால் செல் உடையும்.

ஆக்சிஜனை ஆய்வகத்துக்குக் கொண்டுபோக முடியாது, வழியிலேயே மாறிவிடும். அங்கேயே அளக்க வேண்டும் அல்லது அங்கேயே கட்டிப்போட வேண்டும். வனாமி இறால் பண்ணைக்காரர்களிடம் மீட்டர் இருக்கும். இல்லையென்றால் விங்க்லர் முறை. 300 மில்லி பி.ஓ.டி. பாட்டிலைத் தண்ணீருக்குள் சாய்த்துக் குமிழி இல்லாமல் நிரப்புங்கள். பக்கெட்டில் மொண்டு ஊற்றினால் ஊற்றும்போதே காற்று ஏறிப் பொய்க்கணக்கு வரும். மேங்கனீஸ் சல்பேட் கரைசல் 2 மில்லி, கார அயோடைடு அசைடு கரைசல் 2 மில்லி, பிப்பெட் நுனி தண்ணீருக்குள் இருக்கும்படி விட்டு, மூடி, பதினைந்து முறை கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. அந்த வெள்ளைப் பாட்டிலை அங்கேயே கையில் பிடித்துப் படம் எடுங்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. பழுப்பு வந்திருந்தால் படிந்த பிறகு அடர் கந்தக அமிலம் 2 மில்லி விட்டுக் கரைத்து, இருட்டில் வைத்து அன்றைக்கே ஆய்வகம் சேர்க்க வேண்டும். 203 மில்லி எடுத்து 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட்டை நிறம் போகும்வரை சொட்டுச்சொட்டாக விட்டுத் தரம் பார்த்தால் செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன். மேலிருந்து ஒரு அடியில் ஒன்று, தரைக்கு ஒரு அடி மேலே ஒன்று என்று இரண்டு பாட்டில். அடர் அமிலத்தைக் கல்லூரியில் வேதியியல் படித்த பிள்ளை யாராவது கையாளட்டும், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு.

எண்ணிக்கைக்கு "டன் கணக்கில்" என்று எழுதாதீர்கள். கரையில் 50 மீட்டர் நீளத்தில் நான்கைந்து துண்டு எடுத்து, இனம்வாரியாக எண்ணி, அளவுகோல் வைத்துப் படம் எடுத்தால் மொத்தத்தைப் பெருக்கிக்கொள்ளலாம். காக்கையும் நாயும் வருவதற்கு முன்பு. அந்த மீனைக் கருவாடு போடவோ கோழிக்குப் போடவோ வேண்டாம். காயவைத்தால் தண்ணீர்தான் போகும், மருந்து போகாது.

கடலூரில் தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம், புதுச்சேரியில் மாசுக்கட்டுப்பாட்டுக் குழுமம், இரண்டு பக்கமும் மீன்வளத் துறை. ஆலை வாயிலில் வாரியம் எடுக்கும் மாதிரி 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி இருக்க வேண்டும்: ஆலைக்கு அறிவிப்பு கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, கையெழுத்து வாங்கி. அந்த முறை பிசகினால் அந்த முடிவு நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்காது. நீங்கள் எடுத்த மாதிரி அதற்கு மாற்று இல்லை. எங்கே, எப்போது, எதற்காக எடுக்க வேண்டும் என்று வாரியத்தைக் கைபிடித்து அழைத்துப்போவதற்கு அது. புகாரில் கேட்க வேண்டிய ஒன்று அதிகம் பேர் கேட்பதில்லை. கழிவுநீர் விதிகளில் உயிரிச் சோதனை ஒன்று இருக்கிறது: துளியும் நல்ல தண்ணீர் கலக்காத கழிவுநீரில் மீனை விட்டால் 96 மணி நேரம் கழித்து 100க்கு 90 உயிரோடு இருக்க வேண்டும். பெயர் தெரியாத நஞ்சைப் பெயர் தெரியாமலே பிடிக்கும் சோதனை அது. எழுத்தில் கேளுங்கள்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில். சூழல் தொடர்பான வழக்குக்கு ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு அவகாசம்.

பாட்டில்கள், இரண்டு கரைசல், பி.எச். தாள், வெப்பமானி, அலுமினியத் தாள், அளவுநாடா எல்லாம் ஒரு பெட்டியில் ஏலக்கூடத்தில் இருக்கட்டும். கார அயோடைடு கரைசலைக் கறுப்புப் பாட்டிலில், ரப்பர் மூடி போட்டு வையுங்கள்; கண்ணாடி மூடி போட்டால் காரம் இறுக்கிக்கொண்டு, வேண்டிய அன்றைக்குத் திறக்க வராது.